ரிவர்ஸ் பாட்டு

டென்னிஸுக்குக் கொடுத்த கிலுகிலுப்பை அவன் கைக்குள் காணாமல் போனது. டிப்பர் லாரி ஓட்டி, ஜல்லி அள்ளிக் காய்த்த கை.

கள்ளக்குறிச்சியில், பிள்ளைகளுக்குப் பாட்டு வைத்துப் பயிற்சி தரும் அறை அது. நடுப்பாயில் அவன் மகள் டயானா. நாலு வயது. காதில் குறையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை.

டமாரத்தைத் தொடவில்லை. மணியைத் தொடவில்லை. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

இதுவரை அவன் மனைவி இசபெல்லாதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்பனும் வந்து பாடினால்தான் ஆகும் என்று பயிற்சி தரும் சந்தியா கறாராகச் சொல்லிவிட்டாள். இன்று ஒரு லோடை விட்டுவிட்டு வந்திருந்தான். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான்.

"வூட்ல பாப்பா காது குடுத்துக் கேக்கற பாட்டு எதுனா பாடுங்கண்ணா. இன்னா பாட்டா இருந்தாலும் சரி," என்றாள் சந்தியா.

"கோயில்லயே வாயத் தொறக்காத ஆளு. இங்க பாடிட்டுத்தான் மறுவேல," என்றாள் இசபெல்லா.

டென்னிஸ் யோசித்தான். மகள் காது கொடுக்கும் பாட்டு ஒன்றே ஒன்றுதான். வண்டியை ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் பாடுமே, அது. விடியற்காலையில் அது பாடினால் போதும், எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்து வாசற்படிக்கு ஓடி வந்துவிடுவாள். என் பொண்ணுக்கு என் வண்டிப் பாட்டுன்னா உசுரு என்று குவாரியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

தொண்டையைச் செருமினான். வெட்கத்தோடு, "டிங் டிடி டிங்" என்று ஆரம்பித்தான். சந்தியா சிரிப்பை அடக்கிக்கொண்டு டமாரத்தில் மெல்லத் தட்டினாள்.

டயானாவின் விரல் கோரையை விட்டது.

எழுந்தாள்.

டென்னிஸ் குரலை உயர்த்தினான்.

பிள்ளை அவனிடம் வரவில்லை. கதவுக்கு வெளியே ஓடினாள். அங்கே கிடந்த செருப்புகளைக் கிளறி, அவனுடைய ஒற்றைச் செருப்பை இழுத்து வந்தாள். பாயில் போட்டு, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்தீங்களாண்ணா, தானா போய் எடுத்துக்கினு வரா!" சந்தியா கைதட்டினாள்.

டென்னிஸ் பாட்டை நிறுத்திவிட்டான்.

அவர்கள் வீடு முட்டுச்சந்தில் இருக்கிறது. டிப்பரைத் திருப்ப இடம் கிடையாது. இருட்டியபின் வரும் வண்டி நேராக உள்ளே வந்து நின்றுவிடும். விடிந்ததும் ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே போக வேண்டும்.

அவன் வரும்போது அந்த வண்டி ஒரு நாளும் பாடியதில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. லோடுக்காரன்தான். அடிக்க விட்டான்.

எழுந்து போய், இன்னொரு செருப்பையும் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தான்.