முன் சீட்டு

கார்ல முன் சீட்டு அன்னிக்கும் தங்கச்சி மார்லிக்குத்தான். மூத்தவ நான், பதினாறு வயசு. ஆனா ரெண்டு வருஷமா எனக்குப் பின் சீட்டு. அவளுக்குக் குடல்ல ஓயாத புண்ணு, குரோன்ஸ்னு பேரு. பின்னாடி உக்காந்தா குமட்டுமாம்.

"என்ன மில்க்‌ஷேக் வேணும்?" அம்மா அவளத்தான் கேட்டாங்க.

"டெலாவயும் கேளும்மா," மார்லி என்னக் காட்டினா.

"அவளுக்கென்ன, எதக் குடுத்தாலும் குடிப்பா."

உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவ நோய் எனக்கு வந்திருக்கக் கூடாதான்னு நெனச்சிருக்கேன். வலி வேணாம். அந்தச் சீட்டு மட்டும்.

போன செவ்வாக்கெழம ஸ்கேனுக்குப் போனப்பவும் இதே கததான். ஆஸ்பத்திரில ஏதோ ஆராய்ச்சி. நோய் இல்லாத அக்கா, தம்பியையும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாப்பாங்களாம். அவ முடிச்சதும் நானும் அந்த ஸ்கேன் குழாய்க்குள்ள படுத்தேன். நான் வெளிய வந்தப்ப அம்மா அவளுக்கு முதுகு தடவிட்டிருந்தாங்க. எனக்குக் கெடச்சது 'ஆரோக்கியமான அக்கா'ன்னு எழுதின டி-ஷர்ட்.

மில்க்‌ஷேக் வாங்கிட்டு, கடை வாசல்லயே கார நிறுத்திக் குடிச்சிட்டிருந்தோம். போன் அடிச்சுது. ஆஸ்பத்திரி நம்பர். அம்மா எறங்கிப்போய் பனியில நின்னு பேசினாங்க.

"என் ஸ்கேன் ரிசல்ட்டு," மார்லி ஸ்ட்ராவக் கடிச்சா. "மறுபடி புண்ணு ஜாஸ்தியாயிருக்கும்."

"அப்ப இன்னும் ஒரு மாசம் நீதான் மகாராணி."

"வேணும்னா நீ இரேன்."

அம்மா திரும்பி வந்து அவ பக்கத்துக் கதவத் தொறந்தாங்க. மொகம் வெளுத்துக் கெடந்துச்சு.

"எவ்ளோ மோசம்மா?" மார்லி கேட்டா.

"குடல் நல்லா ஆறிட்டு வருதாம்." அம்மா யாரையும் பாக்கல. "தேடாத எடத்துல வேற ஒண்ணு தெரிஞ்சிருக்கு. கிட்னில ஒரு கட்டி. நாளைக்கே வரச் சொல்றாங்க."

நான் எட்டி மார்லி தோளத் தொட்டேன். "பயப்படாதடி"ன்னேன். சொல்லிட்டிருக்கும்போதே உள்ளுக்குள்ள எரிஞ்சுது. இனிமே அந்தச் சீட்டு எனக்கு எப்பவுமே கெடைக்காதுன்னு.

அம்மா குனிஞ்சு, அவளத் தாண்டி, என் கையப் புடிச்சாங்க. அவங்க வெரல் ஐஸ் மாதிரி இருந்துச்சு.

"மார்லி, நீ பின்னாடி போ. டெலா முன்னாடி உக்காரட்டும்."