சிவப்பியின் சூடு

எங்கள் கால்நடைப் பண்ணையில் சிவப்பி என்ற ஆட்டின் விலாவில் ஆராய்ச்சிக்காக வயிறுவரை துளையிட்டு ரப்பர் மூடி பொருத்தியிருந்தோம். மார்கழிக் காலையில் மாதிரி எடுக்க வயிற்றுக்குள் கையை விட்டால், வெளியே எடுக்க மனசே வராது. அவ்வளவு சூடு, புளித்த கூழின் மணம்.

ஒருமுறை பூண்டு எண்ணெய் கலந்த தீவனம் தின்ற இன்னொரு ஆட்டுக்கு வயிற்றில் தீனியை நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அடங்கி, அசைபோடுவது நின்றுபோனது. உடன் வேலை பார்த்த பிலோமினா, சிவப்பியின் வயிற்று நீரைத் தெர்மாஸில் கொண்டுபோய் அதற்குப் புகட்டினாள். மறுநாள் அசைபோட்டது.

ஓய்வுபெற்றபின் இன்றுதான் பண்ணைக்குப் போனேன். சிவப்பி எப்போதோ செத்துவிட்டது. பிலோமினா ஓர் இளம் ஆட்டின் மூடியைத் திறந்தாள்.

"கைய விடுங்க சார். இந்த வயித்துத் தண்ணி ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு ஊத்தி ஊத்தி வந்ததுதான், நம்ம சிவப்பியோடது."

விட்டேன். ஆடு அசைபோட்டபடி நின்றது.

"போதும் சார், எடுங்க," என்றாள் பிலோமினா.