முட்டி வலி

"எந்திரிங்கம்மா. நாலடி நடந்து காட்டுங்க."

விமான நிறுவன அதிகாரி ரவிக்குமார் இப்படிச் சொன்னதும், சக்கர நாற்காலியில் இருந்த சாமியாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் நின்ற மகள் லோகப்பிரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மாவுக்கு முட்டி வலிங்க சார். ஒரு மாசமா உக்காந்தா எந்திரிக்க முடியறதில்லீங்க."

"இப்படித்தாங்க எல்லாரும் சொல்றாங்க. இங்கிலீஷ் தெரியாது, வழி தெரியாதுன்னு நல்லா நடக்கறவங்களுக்கும் வீல்சேர் போட்டுடறீங்க. அங்க போய் எறங்குனதும் பெட்டியத் தூக்கிட்டு ஓடறாங்க. நெஜமா முடியாதவங்களுக்கு நாற்காலி பத்தறதில்லீங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பக்கத்து வீல்சேரில் ஒரு பெரியவர் காலாட்டிக்கொண்டே முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

லோகப்பிரியாவுக்கு டப்ளினில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். அவள் வீடு பிடித்து அங்கே குடியேறும் வரை தாயும் கூட இருப்பதாக ஏற்பாடு. 'இந்தக் காலை வெச்சுட்டு அந்தக் குளிர்ல எப்படி இருப்பீங்க?' என்று அன்னூர்ச் சொந்தங்கள் கேட்டும் இருவரும் பிடிவாதமாகக் கிளம்பி வந்திருந்தார்கள்.

நாற்காலியைத் தள்ள வந்த ஊழியரைக்கூட, "வேண்டாமுங்க, எம்புள்ளையே தள்ளட்டும்" என்று சாமியாத்தாள் ஒதுக்கிவிட்டாள். அதிலிருந்து லோகப்பிரியா கைப்பிடியை விடவில்லை. பாஸ்போர்ட்டைக்கூடத் தாய்தான் எடுத்து நீட்டினாள்.

"வாசல்ல டாக்ஸியில மறந்த பைக்காக அது பின்னாடியே ஓடினது நீங்கதானுங்களேம்மா? நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றார் ரவிக்குமார்.

லோகப்பிரியா திகைத்துப்போனாள். அப்போது அவள் காவலரிடம் டிக்கெட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ ஓடினியா?"

சாமியாத்தாள் ரவிக்குமாரையே பார்த்தாள். "நாற்காலி கண்டிப்பா வேணுமுங்க தம்பி" என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

"அப்ப டாக்டர் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் போர்டிங் பாஸ் கிடையாதுங்க."

"எப்ப வருவாருங்க?"

"அரை மணி நேரமாகும். அதுக்குள்ள கவுன்ட்டர மூடிடுவாங்க."

லோகப்பிரியாவின் கண் கலங்கியது. சாமியாத்தாள் அதைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எதையும் பிடிக்காமல் விருட்டென்று எழுந்து நின்றாள்.

"நான் நடக்கறனுங்க. பாஸைக் குடுத்துருங்க."

"தெரியுமுங்க எனக்கு" என்ற ரவிக்குமார் ஊழியரைத் திரும்பிப் பார்த்தார். "சேரை எடுத்துட்டுப் போப்பா."

ஊழியர் நாற்காலியை வெடுக்கென்று இழுத்தார். பிடி நழுவிய லோகப்பிரியா வெறுங்காற்றைத் துழாவி, அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். சாமியாத்தாள் பாய்ந்துபோய் அவளைத் தாங்கிக்கொண்டாள்.

மகளின் பேன்ட் சற்று மேலேறியிருந்தது. ஷூவுக்கு மேல், கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்புத் தண்டு தெரிந்தது.

ரவிக்குமார் நாற்காலியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கையை ஆட்டினார். பிறகு மெதுவாக, "உங்களுக்குன்னு கேட்டிருக்கலாமேங்க" என்றார்.

"யாரும் என்னைத் தள்ளிட்டுப் போக வேண்டாமுங்க சார். நடந்துதான் போவேன்னு வீட்டுலயே சொல்லிப்போட்டேன்." லோகப்பிரியா தாயின் பக்கம் திரும்பினாள். "முட்டி வலின்னு ஏம்மா பொய் சொன்னே?"

சாமியாத்தாள் மகளின் கையை எடுத்து மறுபடியும் நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள்.

"நீதான் உக்கார மாட்டேன்னுட்டியே கண்ணு. புடிச்சுட்டு நடக்கறதுக்காச்சும் ஒண்ணு வேணுமில்ல?"