மயிரிழை ஆழம்

கேலிப்பர் அளவுகோலின் பல்லைத் துடைத்துவிட்டு மார்லிஸ் மறுபடியும் அளந்தாள். சந்தேகமே இல்லை. யாரோ இந்தத் தோட்டாவைப் பிரித்துத் திரும்ப மூடியிருக்கிறார்கள்.

பித்தளைக் கூட்டுக்குள் குண்டு ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கியிருந்தது. அந்த ஆழம் பிசகினால் குறியே போச்சு என்று அவள் கணவன் வென்டல் சண்டைக்கு வருவான். அவன் குண்டை அழுத்தி உட்கார வைப்பான். அவள் அளந்து சொல்வாள். மொன்டானாவின் குளிர்காலங்களை இருவரும் அப்படித்தான் கழித்தார்கள்.

அவன் இறந்துபோன பிறகு அவள் தனியாகச் செய்த முதல் தோட்டா இது. ஐம்பது குழி டப்பாவின் மூலையில் அதை மட்டும் வைத்திருந்தாள். இன்று கையில் எடுத்ததும் பழக்க தோஷத்தில் அளந்துவிட்டாள்.

எதிர்ச் சுவரில் வென்டல் சுட்ட குறிக் காகிதங்கள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஐந்து ஓட்டைகள், ஒன்றையொன்று கடித்துக்கொண்டு.

இந்தப் பட்டறையின் சாவி இன்னொருவனிடமும் உண்டு. வென்டலின் தம்பி ஆர்லோ. ஒவ்வொரு போட்டியிலும் அண்ணனுக்கு அடுத்த இடம் பிடித்தவன். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அண்ணனின் துப்பாக்கியோடு தான் வரப்போவதாக அவள் சொன்னதிலிருந்து அவன் முகமே சரியில்லை.

வெளியே அவனுடைய வண்டி வந்து நின்றது. காப்பிக் குடுவையோடு உள்ளே வந்தவனின் கண், முதலில் மேஜையைத்தான் தேடியது.

"உங்க நாய் எங்க வீட்ல ராத்திரி பூரா ஊளை, அண்ணி. தட்டுல வச்சத மோந்துகூடப் பாக்கல."

"பழகிக்கும். ஆமா, இந்த டப்பாவத் தொட்டியா?"

"எந்த டப்பா?"

"நடிக்காத ஆர்லோ. உங்கண்ணன் போட்ட தோட்டா எல்லாத்தையும் அளந்தவ நான். எங்கிட்டயே உன் வேலையைக் காட்டுறியா?"

அவன் குடுவையின் மூடியைத் திருகினான். திறக்கவில்லை, திருகிக்கொண்டே இருந்தான்.

"அவரு இருந்தப்ப ரெண்டாவது. இப்ப ஒரு பொம்பள கிட்டயும் தோத்துட்டா ஊர் சிரிக்கும்னு பயம். அதானே?"

"என்ன வேணா சொல்லிக்கோங்க."

"பிரிச்சியா இல்லையா?"

"பிரிச்சேன்." அவன் நிமிர்ந்தான். "வெடிமருந்தைக் கொட்டிட்டு, குண்டைப் பழையபடி உட்கார வச்சேன். உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பாத்தேன். அண்ணனோட அளவு எனக்கு என்னிக்கு வந்திருக்கு?"

"வெக்கமா இல்ல? போட்டிக்கு வச்சிருந்ததக் கெடுத்துட்டு, எங்கிட்டயே வந்து நிக்கிற!"

ஆர்லோ துப்பாக்கி அலமாரியைப் பூட்டினான். சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முக்காலியை இழுத்து அவளுக்கும் கதவுக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

"நாய எங்கிட்ட விட்டுட்டு, ஒத்தைத் தோட்டா செஞ்சு வச்சிருக்கீங்க. அது யாருக்கு, அண்ணி?"