காயக் கூடாதது

என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஒரே வேலை. நிக்கலும் அலுமினியமும் கலந்த பொடியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கொட்டுவார். அலுமினியம் பொங்கிக் கரைந்துபோகும். மிஞ்சும் நிக்கல், உள்ளெல்லாம் ஓட்டை. அதைத் தண்ணீருக்குள்ளேயே வைக்க வேண்டும். காய்ந்தால் தானாகத் தீப்பிடிக்கும்.

சமீபமாக அவரும் மாறிவிட்டார்; பார்க்கப் பழையபடியேதான் இருக்கிறார். கையைப் பிடித்தால் தக்கைபோல லேசு.

"ஈரத்தலையோட திரியாதீங்க, நல்லாத் துவட்டுங்க" என்று திங்களன்று கத்தினேன். துவட்டினார். துண்டு கருகியது.

அன்றிலிருந்து குளியல் தொட்டியிலேயே இருக்கிறார். சாப்பாடும் அங்கேதான்.

"அப்பா, ஸ்கூலுக்கு நேரமாச்சு, வெளிய வாங்க!" மகள் கதவைத் தட்டினாள்.

"இதோ வந்துட்டேம்மா" என்றார், கழுத்துவரை தண்ணீரில்.

தொட்டியின் அடைப்பான் வழியாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது.