எது பெரிய ஆபரேஷன்?

"வயித்தைக் கிழிச்சாங்க, வயித்தைக் கிழிச்சாங்கன்னு எத்தனை வருஷத்துக்குத்தான் சொல்லிட்டு இருப்பே? இதோ இவனைப் பாரு. காலையில ஆபரேஷன், மத்தியானம் வீட்டுக்கு வந்துட்டான். ஒரு முனகல் உண்டா?"

மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே கேட்டாள் மாமியார்.

மகன் காலை அகட்டி மல்லாந்து படுத்திருந்தான். மடியில், ஐஸ் ஒத்தடத்துக்காகத் துண்டில் சுற்றிய உறைந்த பட்டாணிப் பொட்டலம். ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மாடி மாடியாகச் சுமந்து இறக்கும் வேலை அவனுக்கு. தூக்கித் தூக்கிக் குடலிறக்கம் வந்துவிட்டது என்று, கூட வேலை செய்பவனை அழைத்துக்கொண்டு காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனவன் இப்போதுதான் திரும்பியிருந்தான். நானும் வருகிறேன் என்ற மனைவியை, பசங்களை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று தடுத்துவிட்டான்.

அவள் சன்னலோரத்தில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். "நான் அப்படி என்ன அத்தை முனகிட்டேன்?"

"முனகலா? இருமல் வந்தாக்கூட வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஊரைக் கூட்டினியே! எனக்குப் பித்தப்பையையே எடுத்தாங்க. நாலு இடத்துல ஓட்டை போட்டாங்க. வீட்டுக்கு வந்த மறுநாளே நான் எழுந்து துணி துவைக்கலை?"

துவைத்தது மருமகள்தான். சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்த வீட்டில் வலிக்குப் போட்டி வைத்தால் முதல் பரிசு எப்போதும் மாமியாரின் பித்தப்பைக்கு. சின்ன மாமாவின் மூல வியாதிகூட ஆறுதல் பரிசாவது வாங்கிவிடும். இரண்டு சிசேரியனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது.

"கீழ் வீட்டு வாத்தியாருக்கும் இதே குடலிறக்கம்தான். பத்து நாள் கூனிக் கூனி நடந்தாரு மனுஷன். என் பிள்ளை மாடிப்படி ஏறியே வந்துட்டான். என் ரத்தம்! கட்டைக் காட்டுடான்னாத்தான் வெட்கப்படறான்."

மாமியார் எதற்கோ அடி போடுகிறாள் என்று மருமகளுக்குத் தெரியும். அது அடுத்த மூச்சிலேயே வந்தது.

"அதனாலதான் சொல்றேன். ஆபரேஷன்னா இவ்வளவுதான். ரெண்டும் தடியன்களாப் பெத்து வச்சிருக்கே. அடுத்த வருஷம் எனக்கு ஒரு பேத்தி வேணும்."

மெஷின் நின்றது.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா அத்தை? பழைய தையல் போட்ட இடம் காகிதமா மெலிஞ்சு கிடக்காம். மூணாவது தடவைன்னா உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னாங்க."

"டாக்டருங்கன்னா நாலு விதமாப் பயமுறுத்தத்தான் செய்வாங்க. நீ என்னடா சொல்றே?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். டாக்டர் அதைச் சொன்ன அன்றும் அவன் பக்கத்தில்தான் நின்றான், நகத்தைக் கடித்துக்கொண்டு. சரியான கல்லுளிமங்கன். இன்றைக்காவது வாயைத் திறக்கட்டும்.

அவன் திறந்தான். "சரிம்மா. பேத்தி பிறந்தா பேரை நீயே வை."

மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. முட்டி வலி என்று காலையிலிருந்து புலம்பியவள் போனை எடுத்துக்கொண்டு, தங்கைக்குச் சொல்லக் கூடத்துக்கு ஓடினாள்.

மருமகள் கதவைச் சாத்தினாள்.

"நல்லா இருக்கு! பீரோவைத் தனி ஆளாத் தூக்குவீங்க, அம்மா எதிர்ல மட்டும் நாக்கைத் தூக்க முடியாது. அவங்க சரின்னா நீங்களும் சரி. நீங்க புருஷனா, தலையாட்டிப் பொம்மையா? சாகப்போறது நான்தானே, உங்களுக்கென்ன?"

பேசும்போதே, பள்ளிக்கூடம் விட்டு ஷூவைக்கூடக் கழற்றாமல் "அம்மா" என்று ஓடிவரும் இரண்டு தடியன்களும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். சாக அவளுக்குப் பயமாக இருந்தது. இவனைக் கட்டிக்கொண்டதை நினைத்தால் வெறுப்பாக இருந்தது.

"கொஞ்சம் மெதுவாப் பேசு..."

"இன்னும் என்ன மெதுவா? இந்த ராஜ உபசாரத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை!" என்று பட்டாணிப் பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஐயோ!" என்று துடித்தான் அவன்.

"கத்தாதீங்க. முனகாத பிள்ளைன்னு அம்மாகிட்ட பேர் வாங்கியிருக்கீங்க. அப்படி என்னதான் பெரிய கட்டுன்னு நானும் பார்க்கறேன்."

போர்வையை விலக்கினாள். வாத்தியாருக்குக் கட்டுப் போட்டிருந்த அடிவயிற்றில், இவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"எனக்குக் குடலிறக்கமெல்லாம் இல்லை" என்று கிசுகிசுத்தான் அவன். "சொன்னா அம்மா போகவே விட்டிருக்க மாட்டாங்க."

"அப்போ என்ன ஆபரேஷன்?"

"இனிமே பிள்ளை பிறக்காம இருக்க ஆம்பளைங்களுக்குப் பண்ணுவாங்களே, அது. அம்மா பாட்டுக்குப் பேரை யோசிச்சுக்கிட்டே இருக்கட்டும். உன் வயித்துல இனி யாரும் கத்தி வைக்க மாட்டாங்க."

கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஏம்மா, இப்பவாவது ஒத்துக்கறியா? உன் சிசேரியனை விட என் பிள்ளை பண்ணிக்கிட்டதுதான் பெரிய ஆபரேஷன்!"

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டாணிப் பொட்டலத்தைத் துண்டில் மறுபடி சுற்றி, அவனுக்கு வலிக்காதபடி மெதுவாக, முன்பிருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஒத்துக்கறேன் அத்தை!"