ஜெயித்தவனின் அப்பா

"அங்கிள், படத்துக்குக் கீழே நில்லுங்க. கொஞ்சம் சிரிங்க" என்றான் ரஞ்சித்குமார்.

பழனிவேல் போய் நின்றார். பேனரில் அவர் மகன் அரவிந்தன் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சின்ன வயசு, பாவம்" என்று உச்சுக்கொட்டினார்.

"ஐயோ, அஞ்சலி பேனர் இல்லீங்க! கேன்சரை ஜெயிச்சவன். எங்க ஃப்ரெண்டு" என்று பதறினான் ரஞ்சித்குமார்.

அரவிந்தனின் கல்லூரித் தோழர்கள்தான் இந்த நடைப்பயணத்தை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் வரை நடக்க வேண்டும். சேரும் நன்கொடை, புற்றுநோயோடு போராடும் இளம்பிள்ளைகளின் சிகிச்சைக்குப் போகும்.

"மேடைக்கே வரமாட்டேன்னு அடம்பிடிச்சிட்டிருந்தான் அங்கிள். நேத்து மத்தியானம் திடீர்னு அவனே போன் பண்ணி, வரேன், பேசுறேன்னுட்டான். கோயில்கிட்ட கார்ல வந்துருவான்."

பழனிவேல் தலையாட்டினார். பேச்சு காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்தே எதுவும் உள்ளே போகவில்லை.

மீன்சுருட்டியில் முந்திரித் தோப்பில் நின்றபோதுதான் திருச்சியிலிருந்து டாக்டர் கூப்பிட்டார். "திரும்ப வந்துருச்சு பழனிவேல். இந்தத் தடவை மருந்து கேக்கும்னு என்னால சொல்ல முடியல. திங்கக்கிழமை அழைச்சிட்டு வாங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சருகைக் கூட்டினார். அழுகை வருமென்று பார்த்தார். வரவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி வைத்த சோற்றைச் சாப்பிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

நடை தொடங்கியது. மனைவி மலர்கொடி முன்னால் பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு போனாள். மகன் பிழைத்து வந்த பிறகு வாங்கிய புதுச் சேலை. அந்தச் சேலையின் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு அவர் நடந்தார். கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை.

"அண்ணே, நீங்கதானே அரவிந்தனோட அப்பா?"

பக்கத்தில் வந்தவள் ஜெயசித்ரா. பெரம்பலூர்ப் பக்கம் பூலாம்பாடி. மகள் கீதாஞ்சலிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம். அவளால் நடக்க முடியாது என்று வேனில் முன்னால் அனுப்பியிருந்தாள்.

"முடி கொட்டுனதுலேருந்து பேசவே மாட்டேங்குறாண்ணே. உங்க புள்ளையக் கண்ணால பாத்தாலாவது தெம்பு வருமேன்னுதான் அழைச்சிட்டு வந்தேன்."

"நல்லதும்மா."

கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஒருதடவை நல்லாயிட்டா திரும்ப வராதுல்லண்ணே?"

சாலையோரம் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை பழனிவேல் காத்திருந்தார்.

"வராதும்மா" என்றார். தன் குரலே யாரோ பேசுவதுபோல இருந்தது.

கோயில் கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். கோயிலுக்கு எதிரே சின்னதாகப் பந்தல் போட்டிருந்தார்கள். அரவிந்தன் அங்கே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல ஜெயிச்சவனோட அப்பா ரெண்டு வார்த்தை பேசுவாரு!" ரஞ்சித்குமார் மைக்கைக் கையில் திணித்தான்.

பழனிவேல் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டம் காத்திருந்தது. அரவிந்தன் பக்கத்தில் வந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"அப்பாவுக்கு மேடைன்னா கூச்சம்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அவன் முன்வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த கீதாஞ்சலியைப் பார்த்தான்.

"வலிக்கும். வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன். வாந்தி வரும், யாரையும் பாக்கப் பிடிக்காது. ஆனா இங்க இருக்குறவங்கள்ல நெறைய பேருக்கு நல்லாயிடும். உனக்கும் நல்லாயிடும்னு நெனச்சே மருந்து ஏத்திக்க. சாப்புடு. அம்மாகிட்ட பேசு. என்ன, பேசுவியா?"

அந்தப் பெண் மெல்லத் தலையசைத்தாள். ஜெயசித்ரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

ஒன்றும் தெரியாமல் பேசுகிறானே என்று நினைத்தார் பழனிவேல். இன்றைக்கு ஒருநாள் அவன் இப்படியே இருக்கட்டும்.

கூட்டம் கலைந்ததும் அரவிந்தன் வேப்பமர நிழலில் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். வேர்த்திருந்தான். கொஞ்சம் மூச்சு வாங்கியது. தூரத்தில் மலர்கொடி யாரிடமோ, "அதோ, எம்புள்ளதாங்க" என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

பழனிவேல் தொண்டையைச் செருமினார். முகத்தை வேறுபக்கம் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நாளைக்குத் திருச்சி வரைக்கும் போயிட்டு வந்துருவோம்டா. டாக்டர் வரச் சொன்னாரு. சும்மா செக்கப்தான்."

அரவிந்தன் அம்மா இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"அம்மாகிட்டயும் செக்கப்புன்னே சொல்லுவோம்ப்பா. டாக்டரை உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னதே நான்தான்."